இல்லாத குழந்தையின் மஞ்சள் ஸ்பூன்

"ஐயோ... என் வாளி!"

குரல் வந்த பக்கம் லெசியெலி திரும்புவதற்குள் அவளுடைய வலது கால் வாளிக்குள் போய்விட்டது. தண்ணீர் சாய்ந்தது. உள்ளே இருந்த ஒரே ஒரு மீன் துள்ளி எழுந்து, பாலத்துக் கம்பிகளுக்கு நடுவே புகுந்து, வந்த வழியே கடலுக்குப் போய்ச் சேர்ந்தது.

"காலைல அஞ்சு மணிலேருந்து உட்கார்ந்திருக்கேன். கிடைச்சது அது ஒண்ணுதான்..."

"நடக்கிற வழியில வாளியை வச்சா இப்படித்தான் ஆகும்!"

"நடக்கிறவங்க தரையைப் பார்த்து நடக்கணும். நீங்க விளக்குக் கம்பத்தைப் பார்த்து நடக்கிறீங்க!"

லெசியெலிக்குச் சுருக்கென்றது. இவன் எப்போது கவனித்தான்? மாங்கரே பாலத்தில் காலை நேரத்தில் தூண்டில் போடுகிறவர்கள் இருபது பேராவது இருப்பார்கள். யாரும் யாரையும் பார்ப்பதில்லை என்றுதானே நினைத்திருந்தாள்...

அவன் நிமிர்ந்து பார்த்தான். தூறலில் நனைந்த இமைகள். அதற்குக் கீழே, எதையோ கேட்டே தீர வேண்டும் என்று துடிக்கும் இரண்டு கண்கள்.

"தெரியாமத்தான் கேக்கிறேன்... போன வாரம் எட்டாவது கம்பத்தைத் தொட்டுட்டுத் திரும்பினீங்க. இந்த வாரம் ஒன்பதாவது. நேத்து பத்து. என்ன கணக்குங்க இது?"

"உங்களுக்கு எதுக்கு?"

"தூண்டில் போட்டவனுக்கு வேற வேலை என்ன இருக்கு, சொல்லுங்க."

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். பதினோராவது கம்பத்தைத் தொட்டுத் திரும்பி வந்தபோது அவன் வழியை மறித்தான். கையில் ஒரு மஞ்சள் ஸ்பூன். ரப்பர் முனை, பிடியில் ஒரு வாத்துப் படம்.

"வாளி கவிழ்ந்தப்போ உங்க பையிலேருந்து விழுந்தது. பாவம், குழந்தை பசியோட இருக்குமே..."

அந்த ஒரு நொடியில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். இது என் ஸ்பூன்தான் என்று. ஐந்து மாதங்களுக்கு முன்னால் என் இரைப்பையை ஒரு வாழைப்பழ அளவுக்குக் குறைத்தார்கள், பெரிய ஸ்பூனில் எடுத்தால் கை பழைய பழக்கத்தில் வேகமாக வாய்க்குப் போய்விடுகிறது, அதனால் இந்தக் குட்டி ஸ்பூன் என்று. கம்பத்துக்குக் கம்பம் நடையைக் கூட்டுவதும் மருத்துவமனைப் பெண் எழுதிக் கொடுத்த கணக்குதான் என்று.

சொல்லவில்லை. சொல்ல முடியாது. போன வருடம் அவளுடைய தேவாலயத்தில் ஒரு பெண் இதே அறுவை சிகிச்சை செய்துகொண்டபோது, "வாயைக் கட்டத் தெரியாதவ கத்தியை நம்பினா" என்று முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். அந்தப் பேச்சைக் கேட்டுத் தலையாட்டியவர்களில் லெசியெலியும் ஒருத்தி. அதே வார்த்தை தன் மேல் விழுந்தால் தாங்குவாளா? அக்காவைத் தவிர யாருக்கும் தெரியாது. பாடகர் குழுவில் எல்லோரிடமும் பித்தப்பையில் கல் என்று சொல்லி வைத்திருந்தாள்.

"ம்... குழந்தையோடதுதான்" என்றாள். ஸ்பூனைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு போனாள்.

பொய்க்குக் கால் இல்லை என்பார்கள். இந்தப் பொய்க்கு மட்டும் எப்படியோ கால் முளைத்தது. மறுநாள் அவன் ஒரு பொட்டலத்தோடு காத்திருந்தான்.

"சங்கரா மீன். முள் எல்லாம் எடுத்துட்டேன். வேக வச்சு மசிச்சுக் குடுங்க. பையனா, பொண்ணா?"

"பை... பையன்."

"எத்தனை பல்லு?"

"எல்லாப் பல்லும் இருக்கு."

"எல்லாமா!"

"அதாவது... வரவேண்டியது எல்லாம் வந்தாச்சு."

அவன் நெற்றியைச் சுருக்கினான். பேருந்து ஓட்டுபவன், பெயர் கலாஃபி, மதியத்துக்கு மேல்தான் வேலை என்பதெல்லாம் அன்றைக்குத் தெரிந்தது. "சீட்டிலேயே உட்கார்ந்து இடுப்பு போச்சுங்க. நானும் ஒரு கம்பம் நடக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தூண்டிலைப் பக்கத்துக் கிழவரிடம் கொடுத்தான்.

வீட்டில் அந்த மீனை வேக வைத்தாள். உப்பும் எலுமிச்சையும் மட்டும். தட்டில் முதலில் மீன், பிறகு கீரை, இடம் இருந்தால்தான் கிழங்கு. ஒரு வாய். இருபது முறை மெல்ல வேண்டும். ஐந்து மாதமாகத் தன் வயிற்றை அவள் புதிதாகக் குடிவந்த பக்கத்து வீட்டுக்காரரைப் போல்தான் கவனித்துக்கொண்டிருந்தாள்... இதற்கு என்ன பிடிக்கும், எதற்குக் கோபம் வரும் என்று. முட்டைக்கு ஒரு நாள் சரி என்றது, மறுநாள் முறைத்தது. இந்த மீனுக்கு மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. ஏழாவது ஸ்பூனில் போதும் என்றது, அவளும் நிறுத்தினாள். ஆனால் கடமைக்காக இல்லாமல் ஆசையாகச் சாப்பிட்டது, இத்தனை மாதத்தில் அன்றுதான் முதல் முறை.

"பையன் சாப்பிட்டானா?"

"ஏழு ஸ்பூன்."

"சமத்து!" என்றான் கலாஃபி. அந்தப் பாராட்டு தனக்குத்தான் என்று அவளுடைய காதுமடல் சூடானது.

பன்னிரண்டாவது கம்பம், பதின்மூன்றாவது... அவள் கைக்கடிகாரம் 'பீப்' என்று கூப்பிடும்போதெல்லாம் ஏன் ஒரே ஒரு மிடறு தண்ணீர் குடிக்கிறாள் என்று கேட்டான். குடையை ஏன் இடது கையிலேயே பிடிக்கிறாள் என்று கேட்டான். பதினான்காவது கம்பத்தின் அடியில், மழை வலுத்தபோது, வேறொன்று கேட்டான்.

"குழந்தையோட அப்பா... ஊர்லதான் இருக்காரா?"

அப்படி ஒருவரே இல்லை என்றால் ஸ்பூன் யாருடையது என்ற கேள்வி வரும். ஆமாம் என்றால்... ஆமாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்த மௌனத்தை அவன் தன் போக்கில் புரிந்துகொண்டான். "மன்னிச்சிடுங்க... நான் கேட்டிருக்கக் கூடாது" என்றான். மறுநாள் பாலத்தில் வாளி இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. பதினைந்தாவது கம்பத்துக்குப் போக அவளுக்கு மனமே வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவளுடைய பாடகர் குழு வேறொரு தேவாலயத்துக்கு விருந்தாளியாகப் பாடப் போனது. பாட்டு முடிந்ததும் கூடத்தில் விருந்து. லெசியெலியின் மக்களான டோங்கா தீவுக்காரர்கள் வீட்டு விருந்து எப்படி என்று கேட்கவா வேண்டும்? மேசை தெரியவில்லை, சாப்பாடுதான் தெரிந்தது. முழுப் பன்றி, தேங்காய்ப்பாலில் ஊறிய மீன், சேம்பிலையில் பொதிந்த ஆட்டிறைச்சி. விருந்தாளிகள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் வீட்டுக்காரர்கள் உட்காருவார்கள். அதுவரை பின்னால் நின்று விசிறிக்கொண்டிருப்பார்கள்.

லெசியெலியின் பின்னால் விசிறியோடு நின்றவள் அந்தத் தேவாலயத்துச் சமையலுக்கே தலைவி. பெயர் மெலெனைத்தே. கையும் கண்ணும் ஓயாத அம்மாள்.

"என்னடி கண்ணு, தட்டுல கோழி கிளறின மாதிரி கிளறிட்டு உட்கார்ந்திருக்க?"

"போதும்மா... வயிறு நிறைஞ்சிடுச்சு."

"எங்க சமையல் வாய்க்குப் பிடிக்கலையோ?"

அந்தக் கேள்விக்குப் பின்னால் எவ்வளவு பெரிய அவமானம் இருக்கிறது என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். பக்கத்துத் தலைகள் திரும்பின. அப்போதுதான் தட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தவன் அப்படியே நின்றான்.

கலாஃபி! இது அவனுடைய தேவாலயம் என்று அவளுக்குத் தெரியாது.

"மெலெனைத்தே அம்மா, விட்டுடுங்க" என்றான். "அவங்க கைக்குழந்தைக்காரி. உடம்புக்கு ஒத்துக்கலையோ என்னமோ."

நல்லது செய்வதாகத்தான் நினைத்தான், பாவம். மெலெனைத்தேயின் முகம் மலர்ந்தது. "குழந்தைக்காரியா! முன்னாடியே சொல்லக் கூடாதா? பால் குடுக்கிறவ ரெண்டாளு சாப்பாடுல்ல சாப்பிடணும்!" என்று ஒரு முழு ஆட்டிறைச்சிப் பொதியை அவள் தட்டில் வைத்தாள். மேலே இன்னொன்றையும் வைத்தாள்.

எதிரே இருந்த பாடகர் குழுப் பெண்ணின் கை பாதி வழியில் நின்றது. "லெசியெலிக்குக் குழந்தையா? எப்போடி? யாரோட?"

கூடம் முழுக்கக் கிசுகிசு. லெசியெலி தட்டைப் பார்த்தாள். சாப்பிட்டால் வயிறு தாங்காது. சாப்பிடாவிட்டால் மானம் தாங்காது. ஓடிப்போய்விடலாம் என்றுதான் எழுந்தாள்.

எழுந்ததுதான் தாமதம்... கூடம் அடங்கிவிட்டது. ஸ்பூன்கள் கீழே போயின, விசிறிகள் நின்றன, போதகர் கைகளைக் கட்டிக்கொண்டார். விருந்து மேசையில் ஒருவர் எழுந்தால் பேசப் போகிறார் என்று அர்த்தம். பேசுகிறவரைக் கேட்காமல் யாரும் வாயில் ஒரு பருக்கை வைக்க மாட்டார்கள். இருநூறு முகங்கள் அவளையே பார்த்தன.

ஓட முடியாது. ஓடினால் பொய் இங்கேயே தங்கிவிடும்... கலாஃபியின் அந்த இரண்டு கண்களிலும் தங்கிவிடும்.

பையிலிருந்து மஞ்சள் ஸ்பூனை எடுத்தாள்.

"எனக்கு... குழந்தை இல்லை" என்றாள். "கல்யாணமும் ஆகலை. இது நான் சாப்பிடற ஸ்பூன். பித்தப்பைக் கல்லுன்னு சொன்னது பொய். எடை குறைக்க வயித்துல ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன். என் அம்மா நாற்பத்தேழு வயசுல சர்க்கரையில போனாங்க, நானும் அப்படிப் போக வேண்டாம்னு பண்ணிக்கிட்டேன். கத்தியை நம்பினவள்னு நீங்க சிரிப்பீங்களோன்னு பயந்தேன். கத்தி ஒரு நாள்தாங்க வேலை செஞ்சுது. மிச்ச நாளெல்லாம் இந்த ஸ்பூனும் என் காலும்தான்... இந்தச் சமையல் பிடிக்காம இல்லைம்மா. எனக்கு இடம்தான் இல்லை."

உட்கார்ந்துவிட்டாள்.

மெலெனைத்தே குனிந்து அந்த ஸ்பூனை வாங்கினாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதால எத்தனை?"

"ஏழு... இல்லேன்னா எட்டு."

"ஒவ்வொண்ணையும் எவ்வளவு நேரம் மெல்லுவ?"

"இருபது தடவைம்மா."

"அடியம்மா! நீ எழுந்திரிச்சு, நாங்க உட்கார்றதுக்குள்ள ராத்திரி ஆராதனையே வந்துடும்!"

முதலில் சிரித்தது போதகர்தான். பிறகு கூடமே சிரித்தது. மெலெனைத்தே சிரிக்கவில்லை. ஆட்டிறைச்சிப் பொதிகளை எடுத்துவிட்டு, மீனை முள் பார்த்து உதிர்த்து, ஏழு சின்னக் குவியலாகத் தட்டில் வைத்தாள். "என் தங்கச்சியும் சர்க்கரையிலதான் போனா" என்று மெல்லச் சொன்னாள். "நீ மெதுவாவே சாப்பிடு. நாங்க காத்திருக்கோம்."

கலாஃபியை அதற்குள் காணவில்லை. லெசியெலி கூடம் முழுக்கத் தேடினாள். பொய் சொன்னவளை எவன் மன்னிப்பான்...

மறுநாள் காலை. தூறல். பாலத்தில் வாளி இருந்தது. நடைவழியை விட்டுத் தள்ளி, ஓரமாக.

"எல்லாப் பல்லும் இருக்குன்னு சொன்னப்பவே எனக்குத் தோணியிருக்கணும்" என்றான் கலாஃபி, தூண்டிலிலிருந்து கண்ணை எடுக்காமல். "கோபமாத்தான் இருந்தேன். அடுத்தவர் பொண்டாட்டியை நினைச்சுட்டோமேன்னு நாலு நாளா நான் தூங்கலை, தெரியுமா?"

"மன்னிச்சிடுங்க..."

"வாங்க, நடப்போம்."

பதினைந்தாவது கம்பம் வந்தது. அங்கே நின்று, சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து நீட்டினான். குட்டி ஸ்பூன். நீல நிறம். பிடியில் ஒரு திமிங்கிலம்.

"நேத்து விருந்துலேருந்து நேரா கடைக்குப் போயிட்டேன்."

"என்கிட்டதான் ஒண்ணு இருக்கே?"

"இது எனக்கு. நீ சாப்பிட அரை மணி நேரம் ஆகும். நான் ரெண்டு நிமிஷத்துல முடிச்சுட்டு உன் முகத்தையே பார்த்துட்டிருந்தா உனக்குச் சங்கடமா இருக்கும்ல? அதான்... நானும் மெதுவா சாப்பிடப் பழகிக்கலாம்னு. தினமும்... காலம் பூரா... உனக்குச் சம்மதம்னா."

அந்த நேரம் பார்த்துக் கைக்கடிகாரம் கூப்பிட்டது.

"முதல்ல தண்ணியைக் குடி" என்றான். "அப்புறம் பதில் சொல்லு."

லெசியெலி பாட்டிலைத் திறந்தாள். ஒரே மடக்கில் குடிக்கக் கூடாது என்பது மருத்துவர் கட்டளை. அதை விடவும் மெதுவாகக் குடித்தாள்... அவன் தவிப்பதைப் பார்த்துக்கொண்டே குடித்தாள்.

"அந்த மீன்..." என்றாள் கடைசியில். "ஏழு ஸ்பூனும் நான்தான் சாப்பிட்டேன். சமத்துன்னு சொன்னீங்களே, அன்னிக்கே உங்களைப் பிடிச்சிடுச்சு."

நீல ஸ்பூனை வாங்கித் தன் பைக்குள், மஞ்சள் ஸ்பூனுக்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு அவன் கையைப் பிடித்துக்கொண்டு பதினாறாவது கம்பத்தை நோக்கி நடந்தாள்.