தண்ணீர்மலை ஏறிய மாவுப்பால்

மழைக்கு ஒதுங்கியவன்தான் சாத்தப்பன்... ஆனால் காஜா மொய்தீன் கடைக்குள் நுழைந்ததும், மிஞ்சியிருந்த ஒரே பால்மாவு டின்னை எட்டிப் பிடித்தான்.

அதே நொடியில் இன்னொரு கையும் அதைப் பிடித்தது. கண்ணாடி வளையல்கள் சிணுங்கின.

"விடுங்கோ! நான்தான் முதல்ல கேட்டனான்."

திரும்பினான். மழைத்துளி தங்கிய இமைகள்... கோபத்தில் மின்னும் இரண்டு கண்கள்!

"கோவிச்சுக்காதீங்க ஆச்சி..."

"ஆச்சியோ? நான் என்ன கிழவியோ?"

"ஐயோ! எங்க செட்டிநாட்டுல பொம்பளைங்களை மரியாதையா அப்படித்தான் கூப்பிடுவோம்!"

"எங்கட யாழ்ப்பாணத்தில அது பல்லுப்போன கிழவி!"

காஜா மொய்தீன் சிரித்தபடி தராசை இழுத்தார். "சண்டை வேணாம்லா. ஆளுக்குப் பாதி."

அவள் பெயர் அருந்ததி. பினாங்குக்கு ஜப்பான்காரன் வந்ததும் அவளுடைய அப்பா அப்புத்துரைக்குக் குமாஸ்தா வேலை போயிற்று. வீட்டில் பசும்பாலும் நின்றது. இப்போது தேநீர், கஞ்சி எல்லாம் மாவுப்பாலில்தான். பினாங்கு ஸ்திரீட்டில், செட்டியார்களின் கடையும் தங்குமிடமுமான கிட்டங்கியில் மற்ற வியாபாரிகளோடு தங்கியிருந்த சாத்தப்பனுக்கும் அதே சிக்கனம். என்ன... அவன் கலக்கினால் கட்டி கட்டியாய் மிதக்கும்.

"முதல்ல வெதுவெதுத் தண்ணி கொஞ்சம் விட்டுக் குழையுங்கோ. பிறகுதான் மிச்சத் தண்ணி," என்று சொல்லிக் கொடுத்தாள்.

அதன்பின் எப்போது டின் வந்தாலும் ஆளுக்குப் பாதி. டின் வராத நாட்களிலும் இருவரும் கடைக்கு வந்தார்கள்!

தைப்பூசம் நெருங்கியது. காய்ச்சலில் கிடந்த அப்பா பிழைத்தால் பால்குடம் எடுப்பதாக அருந்ததி நேர்ந்திருந்தாள். அப்பா பிழைத்துவிட்டார். பசும்பால் விலைதான் எட்டவில்லை.

"நான் வாங்கித் தர்றேனே," என்றான் சாத்தப்பன்.

அவள் முகம் சட்டென்று கறுத்தது. "ஆரோ வாங்கித் தாற பாலையோ நான் முருகனுக்குக் குடுப்பன்? என்னட்ட இருக்கிறதைக் குடுப்பன்!"

"நான் அப்படி நினைச்சு..."

அவள் மழையில் இறங்கி நடந்தாள். அப்புறம் கடைப்பக்கமே வரவில்லை. அவன்தான் தினமும் வந்து வந்து காத்திருந்தான்...

வீட்டில் அப்பாவுக்கும் வருத்தம். "மாவுப்பாலோ? சனம் சிரிக்கும் பிள்ளை."

"அந்தப் பால்தானே அப்பா உங்களை எழுப்பி நடக்க வச்சது. அதைக் குடுக்க எனக்கென்ன வெக்கம்?"

அப்புத்துரை முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயில் அடிவாரம் முழுக்கச் செய்தி பரவிவிட்டிருந்தது. "மாவைக் கரைச்சுக் கொண்டு வந்திருக்காளாம்!" தலையில் குடத்தோடு அருந்ததியின் கால்கள் ஒரு கணம் தயங்கின. கண்கள் நிறைந்தன...

"என்னோடதும் மாவுப்பால்தான்!"

உரக்கச் சொன்ன அந்தக் குரல்... பக்கத்தில் தலையில் குடத்தோடு சாத்தப்பன்!

"உங்களுக்கென்ன நேர்த்தி?" என்றாள் மெல்ல.

"உங்க கோவம் தீரணும்னு."

உதட்டைக் கடித்துச் சிரிப்பை மறைத்தாள். 'இவனை வைத்துக்கொண்டு எப்படிக் கோபப்படுவது?' கிசுகிசுத்தவர்கள் வழிவிட்டார்கள். இருவரும் படியேறினார்கள்.

குருக்கள் இரண்டு குடத்தையும் வாங்கி, ஒரு வார்த்தை கேட்காமல் அபிஷேகம் செய்தார். முருகன் தோளில் வழிந்த வெள்ளையில் எந்த வித்தியாசமும் இல்லை. "அரோகரா!" என்று ஒரு குரல் எல்லாரையும் விட உரக்க எழுந்தது. மூச்சிரைக்க மலையேறி வந்துவிட்ட அப்புத்துரை!

வெளியே காற்று கடல்வாசத்தோடு வீசியது.

"உங்களைப் பார்க்காம இருக்க முடியல அருந்ததி... அப்பாகிட்டப் பேசட்டுமா?"

"அப்பாவிட்டப் பிறகு கேக்கலாம். முதல்ல என்னைக் கேளுங்கோ."

"என்னை... கல்யாணம் பண்ணிக்கிறீங்களா?"

சற்றுத் தள்ளி, கடலையே பார்ப்பதுபோல் நின்றார் அப்புத்துரை. அருந்ததி தலையை நிமிர்த்தினாள். அவருக்கும் நன்றாகக் கேட்கும்படி சம்மதம் சொன்னாள்:

"ஓம்!"