பதினொரு பேர் போடாத வழக்கு

காலை ஒன்பது மணிக்குத் தீர்ப்புப்பொறி கண் விழித்தது. முப்பத்தாறு கண்ணாடிக் கூண்டுகளில் நின்ற முப்பத்தாறு வக்கீல்களும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். ஆளுக்கு ஒரு நிமிடம். பொறி அத்தனை பேரையும் ஒருசேரக் கேட்டு, அடுத்த நொடியே அத்தனை தீர்ப்பையும் சொல்லிவிட்டது. ஒன்பது ஐந்துக்கு வென்றவர்களும் தோற்றவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

செவ்வாய்க் கோளின் புதுச்சாத்தூரில் இது தினசரி நடப்பதுதான். செவ்வாயில் ஒரு நாளுக்குப் பூமியைவிட நாற்பது நிமிடம் கூடுதல். அந்த நாற்பது நிமிடத்தை என்ன செய்வதென்று தெரியாமல் மக்கள் அதைச் சண்டைக்கு ஒதுக்கிவிட்டார்கள். எல்லோரும் ஒரே காற்றுக்கூரையின் கீழ், ஒரே குழாயில் வரும் மூச்சைப் பங்கிட்டு வாழும் ஊர். சண்டைக்கு விஷயம் தேடி அலைய வேண்டியதில்லை.

தீர்ப்பைப் பொறி சொன்னாலும், மனிதனின் வழக்கை மனிதக் குரல்தான் சொல்ல வேண்டும் என்று ஊர்ச் சட்டம். ஆனால் வக்கீல் இடங்கள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை. அதனால் வக்கீல் மன்றம் அண்மையில் ஒரு புது விதி கொண்டுவந்திருந்தது. ஆண்டுக்கு ஒரு சாதனையாவது அவரவர் நிறுவனத்தின் ‘சாதனை மடலில்’ வெளியாக வேண்டும். வராதவர் கறுப்பு அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு, உருளைக்கிழங்குக் கொட்டகையில் மண்ணின் ஈரம் பார்க்கும் வேலைக்குப் போக வேண்டும்.

ஆவுடையப்பன் வழக்கறிஞர் நிறுவனத்தில் ஒன்பது வக்கீல்கள். எட்டுப் பேருக்குக் கவலையில்லை. ஒருவர் ‘நிழலுக்கும் உரிமை உண்டா?’ என்ற கருத்தரங்கில் கலந்துகொண்டார். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து தூங்கினாலும் கலந்துகொண்டது கலந்துகொண்டதுதானே. இன்னொருவர் ‘நாற்பது வயதுக்குட்பட்ட நாற்பது பேர்’ பட்டியலில் இடம்பிடித்தார். ஊரில் நாற்பது வயதுக்குட்பட்ட வக்கீல்கள் மொத்தமே முப்பத்தெட்டுப் பேர்.

ஒன்பதாமவர் செண்பகவல்லி. வயது ஐம்பத்திரண்டு. காலாண்டுக்கு ஒன்றாக அந்த ஆண்டில் வந்த மூன்று மடல்களிலும் அவர் பெயர் இல்லை. கடைசி மடல் மட்டும் பாக்கி.

அவருக்குத் திறமை இல்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வழக்கென்று வருகிறவரை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, ஒரு மணி நேரம் பேசவிடுவார். பிறகு நாலு கேள்வி கேட்பார். வந்தவர் வழக்குப் போடும் எண்ணத்தையே விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். எதிராளியின் வீட்டுக்கும் இவரே நடந்துபோய் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வருவார். வழக்கே இல்லாவிட்டால் வெற்றி எங்கிருந்து வரும்?

“ஏம்மா, ஒரே ஒரு கேஸு. ஒண்ணே ஒண்ணு எடுத்துப் பேசிரு. தோக்குற கேஸா இருந்தாக்கூட கருத்தரங்கு, கிருத்தரங்குன்னு எதையாவது சேத்துவிட்ருவோம்” என்று ஆவுடையப்பன் கெஞ்சினார். அவர் நிறுவனத்தின் தலைவர். செண்பகவல்லியைக் கொட்டகைக்கு அனுப்ப அவருக்குக் கொஞ்சமும் மனமில்லை.

“எடுக்கணும்னுதான் அண்ணாச்சி உக்காருதேன். அவங்க பேசப் பேச, இதுக்கு எதுக்குக் கேஸுன்னு வாய் தானா கேட்டுருது” என்றார் செண்பகவல்லி.

சாதனை மடலை எழுதுவது மடலன் என்ற எந்திரம். ஒரு காலத்தில் மனிதர்கள் எழுதினார்கள். எல்லா நிறுவனத்திலும் எல்லா வக்கீலும் ‘ஊரின் தலைசிறந்த வக்கீல்’ ஆகிவிட்டதால், நடந்ததை மட்டுமே எழுதத் தெரிந்த எந்திரங்களிடம் அந்த வேலை போயிற்று. மற்ற எட்டுப் பேரையும் சார், மேடம் என்று அழைக்கும் மடலன் செண்பகவல்லியை மட்டும் அக்கா என்றது. தினமும் வேலைக்கு வந்ததும் அதன் கண்ணாடியிலிருந்து செந்தூசியைத் துடைத்துவிடுகிற ஒரே ஆள் அவர்தான்.

“அக்கா, உங்களப் பத்தி எழுத ஒண்ணு கெடச்சிருக்கு” என்றது மடலன், கடைசி மடலுக்கு முந்தின நாள்.

“பொய் எழுதிராதப்பா.”

“எனக்கு அது வராதே, அக்கா.”

மறுநாள் மடல் வெளியானது. எட்டு வக்கீல்களின் பட்டங்களுக்கும் பட்டியல்களுக்கும் கீழே ஒரு வரி: ‘வழக்கறிஞர் செண்பகவல்லி இந்தக் காலாண்டில் பதினொரு பேரை வழக்குப் போடாமல் திருப்பி அனுப்பினார். அவர்கள் பதினொரு பேரும் எதிராளிகளோடு இன்று சுமுகமாக இருக்கிறார்கள்.’

ஆவுடையப்பன் தலையில் கை வைத்துக்கொண்டார். வந்தவர்களைத் திருப்பி அனுப்புகிறோம் என்று எந்த நிறுவனமாவது விளம்பரம் செய்யுமா? வக்கீல் மன்றமும் மதியத்துக்குள் பதில் அனுப்பிவிட்டது. நடக்காத வழக்கு சாதனையாகாது. ஆண்டு முடியப் பத்து நாள் இருக்கிறது. அதற்குள் சிறப்பு மடலில் வேறு சாதனை ஏதும் வராவிட்டால் அங்கியை ஒப்படைக்கவும்.

செண்பகவல்லி அந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தார். இருபத்தாறு வருடமாகப் போட்ட அங்கி. அழக்கூடாது என்று நினைத்தார், ஆனாலும் அழுதுவிட்டார்.

மூன்றாம் நாள் மூக்கையா வந்தார். அந்தப் பதினொரு பேரில் ஒருவர். வீடுகளுக்கு வரும் காற்றை அளக்கும் மூச்சுமீட்டர்களைப் பழுதுபார்ப்பவர். பக்கத்து வீட்டுத் தவசிக்கனி கருவாடு பொரித்தால், அந்த வாடை பொதுக் காற்றுக்குழாய் வழியாக இவர் படுக்கையறைக்கே வந்துவிடும். அதற்காக வழக்குப் போட வந்தவரைச் செண்பகவல்லிதான் சமாதானம் செய்தார். இனி ஞாயிற்றுக்கிழமை மட்டும் பொரிப்பது, பொரித்ததில் ஒரு தட்டு மூக்கையா வீட்டுக்கு என்று ஏற்பாடு. இப்போது மூக்கையா ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருக்கிறார்.

“வாங்க அண்ணாச்சி. கருவாடு ஒழுங்கா வருதா?”

“அதுக்கு ஒரு குறையுமில்ல. நான் உங்க மேல கேஸு போட்ருக்கேன். நேர்ல சொல்றதுதான் மரியாதைன்னு வந்தேன்.”

செண்பகவல்லிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“மடலைப் பாத்தேன், வக்கீலம்மா. பதினொரு பேருன்னு போட்ருக்கு. யாரு அந்தப் பதினொரு பேரு? பேரு வேண்டாமா? கேஸை விட்டுக்கொடுத்தது நான். அன்னைக்கு ராத்திரி பூரா நெஞ்சு எப்படிக் கொதிச்சுதுன்னு எனக்குத்தான் தெரியும். பெருந்தன்மை என்னுது, பேரு உங்களுக்கா?”

“அச்சச்சோ, தப்புதான் அண்ணாச்சி. சிறப்பு மடல்ல உங்க பேரைப் போடச் சொல்லிருதேன்.”

“முடியாது அக்கா” என்றது மடலன். “வக்கீல்கிட்ட ஆலோசனை கேட்டவங்க பேரை வெளிய சொல்லக் கூடாது. அவங்களே சம்மதிச்சாலும் சட்டம் விடாது. கோர்ட்டுக்கு வந்த வழக்குன்னாதான் பேரு போடலாம்.”

“அப்ப கோர்ட்டுலயே பாத்துக்கிடுவோம்” என்று எழுந்தார் மூக்கையா. மற்ற பத்துப் பேரும் அன்று மாலைக்குள் ஆளுக்கொரு வழக்குப் போட்டுவிட்டார்கள். அத்தனை பேருக்கும் ஒரே குறை.

விசாரணைக்கு முந்தின நாள் செண்பகவல்லி மடலனின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “ஜெயிச்சா என் வேலை தப்பிக்கும். ஆனா அந்தப் பதினொரு பேர் மூஞ்சில எப்படிப்பா முழிப்பேன்?” என்றார்.

“தோத்தா உருளைக்கெழங்கு மூஞ்சிலதான் முழிக்கணும், அக்கா.”

பதினொன்றும் ஒரே மாதிரி வழக்கு என்பதால் ஒரே கூண்டில், ஒரே நிமிடத்தில் விசாரணை. செண்பகவல்லி இந்தக் கூண்டுக்குள் வந்தே வெகு நாளாயிற்று. ஆனால் பேச்சு தடுமாறவில்லை.

“ஐயா, இவங்க எல்லாரும் மனசுல உள்ளதை என்னை நம்பிச் சொன்னவங்க. அந்த நம்பிக்கையை வெளிய விடக்கூடாதுன்னு சட்டம் சொல்லுது. பேரைப் போட்டிருந்தாத்தான் நான் குத்தவாளி. போடாம இருந்தது என் கடமை. ஆனா ஒண்ணு, இவங்க பெருந்தன்மை பெருசு. நான் பேசத்தான் செஞ்சேன். விட்டுக்கொடுத்தது இவங்கதான். அதை இந்தச் சபையில சொல்லிக்கிடுதேன்.”

அவர் முடித்தபோது பத்து நொடி மிச்சமிருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டார். பொறி பதினொரு வழக்குகளையும் தள்ளுபடி செய்தது.

புதுச்சாத்தூரின் வரலாற்றில் ஒரே நாளில் பதினொரு வெற்றி கண்ட வக்கீல் யாரும் இல்லை. சிறப்பு மடல் அன்று மாலையே வெளியானது. தீர்ப்பான வழக்கு என்பதால் விதிப்படி வழக்காடியவர்களின் பெயரும் போட வேண்டும். மடலன் பதினொரு பெயரையும் முகவரியோடு போட்டது. அதோடு, ‘இவர்களுடைய பெருந்தன்மையை வழக்கறிஞர் நீதிமன்றத்தில் எடுத்துரைத்தார்’ என்றும் எழுதியது. அது நடந்தது; அதனால் எழுதியது. வக்கீல் மன்றம் செண்பகவல்லியின் உரிமத்தைப் புதுப்பித்ததோடு, கருத்தரங்கில் பேசவும் அழைத்தது.

மனம் கேட்காமல் செண்பகவல்லி மறுநாள் மூக்கையாவின் வீட்டுக்குப் போனார். முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று பயந்தபடியே கதவைத் தட்டினார். மூக்கையாவோ வாசலுக்கே வந்து கையெடுத்துக் கும்பிட்டார். கூடத்துச் சுவரில் சிறப்பு மடல் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. பூமியிலுள்ள சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் ஒரு பிரதி போயிருந்தது. அவர் தோற்ற விஷயத்தை அவரும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

“தீர்ப்பு என்னவா இருந்தா என்ன, வக்கீலம்மா? பேரு வந்துட்டுல்லா!”

செண்பகவல்லி வாய்விட்டுச் சிரித்தார். நெஞ்சிலிருந்த பாரமெல்லாம் இறங்க, அலுவலகத்துக்குத் திரும்பினார். அங்கே அவருடைய அறை வாசலில் ஒரு கூட்டம் நின்றது. எண்ணிப் பார்த்தார். பதினொரு பேர். எல்லோருக்கும் முன்னால், கையில் மடலோடு தவசிக்கனி.

“வக்கீலம்மா, நியாயத்த நீங்களே சொல்லுங்க. மூக்கையா பேரு வந்திருக்கு. சந்தோசம். ஆனா அவன் யாரு கூடச் சண்ட போட்டான்? சண்டையில பாதி நான்தானே? கருவாடு என்னுது. வாடை என்னுது. என் பேரை மட்டும் எப்படி விடலாம்?”

பின்னால் நின்ற மற்ற பத்து எதிராளிகளும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். உள்ளேயிருந்து ஆவுடையப்பன் ஓடிவந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

“ஏம்மா, இவங்களையும் பேசிச் சமாதானப்படுத்தி அனுப்பிராதே! அடுத்த வருசச் சாதனை நிக்கிது வாசல்ல!”