மனுவின் கடைசி வரி

விளக்குச் சுடர் திரைப்பக்கம் சாய்ந்தது.

இதில் பயப்பட ஒன்றுமில்லை என்றுதான் தொண்டை முதலில் நினைத்தார். தொண்டை என்பது பெற்றோர் வைத்த பெயரல்ல. மனு வாசிப்பவருக்கு அலுவலகம் வைத்த பெயர். மற்ற உறுப்புகளால் மனிதருக்குப் பெரிய பிரயோஜனம் இல்லை என்பது அதன் உட்பொருள். அதை அவரும் மறுத்ததில்லை.

அந்த நிலவறைக் கூடத்தில் எப்போதும் காற்று இருக்கும். பழைய நகரத்தின் மேல் ஒரு நகரம், அதன் மேல் இன்னொன்று என்று, ஒருவர் வீட்டு மொட்டைமாடியில் இன்னொருவர் அஸ்திவாரம் போட்டே வளர்ந்த துறைமுகம் அது. எந்த விரிசலில் கை வைத்தாலும் ஈரக்காற்று வந்து விரலை நக்கும். ஆனால் அவர் வேலைக்கு வந்த இருபத்திரண்டு வருஷமாக அந்தக் காற்று திரைக்குப் பின்னாலிருந்து இந்தப் பக்கம்தான் வந்திருக்கிறது. இன்று சுடர் அந்தப் பக்கம் சாய்ந்தது. நிமிர்ந்தது. இந்தப் பக்கம் சாய்ந்தது. திரும்பவும் அந்தப் பக்கம்.

யாரோ தூங்கி எழுந்து, நிதானமாக மூச்சை இழுத்து விடுவது மாதிரி.

திரைக்குப் பின்னால் இருந்தவர் பெரியவர். நகரத்தை ஆள்பவர். செத்து இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. புதைத்த மூன்றாம் நாள் தானே எழுந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தார் என்பார்கள். அதற்குப் பிறகு நகரவில்லை, பேசவில்லை, பதவி விலகவும் இல்லை. அலுவலகம் தன் பங்குக்கு ஒரு வழி கண்டுபிடித்தது. மனுவைத் திரைக்கு முன்னால் உரக்க வாசிப்பது, பத்து எண்ணுவது, மறுப்பு வராவிட்டால் ‘சரி’ என்று முத்திரை குத்துவது. மறுப்பு வந்ததே இல்லை. கேட்டதெல்லாம் கொடுக்கிற மகராசன் என்று ஊரில் பெருமை.

அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். வருஷத்துக்கு ஒருமுறை திரையின் அடியில் ஒரு கற்பலகை கிடக்கும். ஏழு பெயர்கள். அந்த ஏழு பேரும் திரைக்குப் பின்னால் கீழே இறங்க வேண்டும். என்ன வேலை என்று யாருக்கும் தெரியாது, முடித்துத் திரும்பியவர் யாருமில்லாததால்.

இந்த வருஷம் ஐந்தாவது பெயர் தொண்டையின் மகள். பத்தொன்பது வயது; கப்பல் பாய்களுக்குத் தையல் போடுகிறவள். நாளைக்கு இறங்க வேண்டும்.

“அப்பா, சட்டைப் பித்தானை மாத்திப் போட்டிருக்கீங்க,” என்று காலையில் வாசலில் நிறுத்தி, ஒவ்வொன்றாகக் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டாள். “இந்தக் கோலத்துல போய் அவர் முன்னாடி நின்னா, செத்தவரும் சிரிச்சுடுவாரு.”

“சிரிக்கட்டுமே. நல்ல மனநிலைல இருந்தா நல்லதுதானே.”

அவள் கை நின்றது. “எனக்காக ஏதாவது கிறுக்குத்தனம் பண்ணப் போறீங்களா?”

“நானா? எனக்கு அவ்வளவு தைரியம் இருந்தா உங்கம்மாகிட்ட இத்தனை வருஷம் வாய் திறந்திருக்க மாட்டேனா?”

ஆனால் இடுப்பு மடிப்பில் மனு இருந்தது. ராத்திரியெல்லாம் எழுதியது. பட்டியலை எதிர்த்து வரும் மனுவை மேலே வாசலிலேயே கிழித்துவிடுவார்கள்; ஆனால் வாசிப்பவரே நடுவில் ஒன்றைச் செருகினால் யாருக்குத் தெரியும்? பத்து எண்ணும் நேரம். ஒரு முத்திரை. அவ்வளவுதான்.

கூடத்தில், முத்திரை குத்துகிற அம்மாள் அவர் கையிலிருந்த மனுக்களை ஓரக்கண்ணால் பார்த்தாள். பதினைந்து வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள்.

“இன்னைக்கு மனு மூணு இருக்கே, அண்ணே. மேல ரெண்டுதான் கொடுத்தாங்க.”

“குட்டி போட்டிருக்கும்.”

அவள் முத்திரைக் கட்டையை மையில் நன்றாக ஒற்றினாள். “எனக்குப் பார்வை சரியில்ல அண்ணே. கணக்கும் வராது. படிங்க.”

முதல் மனு சாக்கடை அடைப்பு. பத்து எண்ணினாள்; சரி. இரண்டாவது, படகுத்துறையில் பாரந்தூக்கியின் சங்கிலி அறுந்தது. சரி. சுடர் போவதும் வருவதுமாக இருந்தது. பழைய உப்பும், பெட்டியில் வருஷக்கணக்காகப் பூட்டி வைத்த துணியும் கலந்த வாடை. தொண்டை மூன்றாவதை எடுத்தார். பெயருக்கு ஏற்ற அந்த ஒரே உறுப்பு அன்று அவரைக் கைவிட்டது. ‘என் ஒரே மகளைப் பட்டியலிலிருந்து விடுவிக்க வேண்டும்’ என்ற இடத்தில் குரல் இரண்டாக உடைந்தது. எப்படியோ முடித்தார்.

முத்திரையம்மாள் விரல் மடக்கினாள். ஆறு. ஏழு. எட்டு.

“திரும்பப் படி.”

திரைக்குப் பின்னாலிருந்து, கல்லின் மேல் படகை இழுக்கும் சத்தம். அதில் சொற்கள் இருந்தன.

அவர் படித்தார். முதல் வரியிலிருந்து, ஒரு சொல் விடாமல்.

“கடைசி வரி மட்டும்.”

கடைசி வரியா? அது வெறும் மரியாதை வரி. தொண்டை பிறப்பதற்கு முன்பிருந்தே எல்லா மனுவிலும் அதுதான் கடைசி வரி. சாக்கடைக்கும் அதேதான், சங்கிலிக்கும் அதேதான். ராத்திரி மகளுக்காக அழுதுகொண்டு எழுதும்போதும் கை தன்பாட்டுக்கு எழுதி முடித்திருந்தது.

“என்னையும் என் குடும்பத்தையும்…” காகிதத்தை விளக்கருகே பிடித்தார். “தங்கள் காலடியில் ஒப்படைக்கிறேன்.”

சுடர் திரைப்பக்கம் சாய்ந்து, அப்படியே நின்றது.

“இப்படி எழுதிக் கொடுத்தவர்கள் யார் யார்?”

கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிப் பழகிய முத்திரையம்மாள், வாயைப் பொத்துவதற்குள் சொல்லிவிட்டாள். “எல்லாருமேங்க. ஊர்ல எல்லாரும்.”

“ஐயா, அது சும்மா மரியாதைக்குங்க,” என்றார் தொண்டை. “வழக்கமா போடுறதுங்க. அதுக்கு அர்த்தமெல்லாம்…”

“சரி.”

அந்தச் சொல்லைக் கேட்டதும் அம்மாளின் கை பழக்கத்தில் எழுந்து முத்திரையைக் குத்திவிட்டது.

“இனிப் பட்டியல் வேண்டாம்,” என்றது குரல்.

ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, தொண்டைக்கு மகிழ்ச்சியாக இருந்தது. பட்டியல் இல்லை. மகள் பெயர் இல்லை. வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டும்.

அப்போது மேலே துறைமுகம் நின்றது. பாரந்தூக்கிகளின் கிறீச்சொலி, சுமைகாரர்களின் வசவு, கடற்பறவைகள். எல்லாம் ஒரே சமயத்தில் அடங்கின. அந்தக் கூடத்திலிருந்து தெருவுக்கு நாற்பத்தொரு படிகள். மேல்வாசலில் பகல் வெளிச்சம் விழும் சதுரத்தில், கால்கள் தெரிந்தன.

செருப்பில்லாத கால்கள். அவசரமில்லாமல். வரிசையாக.

சாக்கடை மனுக்காரர் வந்தார். பாரந்தூக்கிக்காரன் வந்தான். மாவு அப்பிய கைகளுடன் ரொட்டிக்கடைக்காரி. ஒருவர் முகத்திலும் பயமில்லை, எதுவுமே இல்லை. ஒரு படிக்கு ஒருவராகக் குறுக்கே படுத்தார்கள். முகம் பக்கவாட்டில். முதுகு மேலே. தெரு வரைக்கும். தெருவிலும்.

முத்திரையம்மாள் எழுந்து போய் முதல் படியில் படுத்தாள்.

“எழுந்திரும்மா,” என்றார். “தங்கச்சி, எழுந்திரு.”

ஏழாவது படியில் மகள்.

ஓட வேண்டும். இழுத்துக்கொண்டு ஓட வேண்டும். முழங்கால் மடிந்தது. அவர் மடக்கவில்லை. நெஞ்சு தரையில் பட்டது. தரை சில்லென்று இருந்தது. வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை.

பின்னால் திரை விலகியது. நாற்காலி ஒருமுறை முனகியது.

ஒரு பாதம் அவர் முதுகில் பதிந்தது. வெறும் பாதம். காய்ந்தது. ஒரு நகரத்தின் எடை. உள்ளே ஏதோ நொறுங்கும் சத்தம், ரொம்ப தூரத்தில் யாருக்கோ நடப்பது போலக் கேட்டது.

மற்ற பாதம் அவரைத் தாண்டி, முதல் படியில் கிடந்த முத்திரையம்மாளின் முதுகில் ஊன்றியது.

மகள் ஏழாவது படியில் முகத்தை இந்தப் பக்கம் திருப்பி, கண்களைத் திறந்தபடி, அடுத்ததை எதிர்பார்த்துக் கிடந்தாள்.