அறுத்த கயிறு

கண் விழித்ததும் மாதவிக்கு உறைத்தது அந்த வாடை இல்லாததுதான். ஈரத் தலைமுடியை உலர்த்தாமல் முடிந்து வைத்தால் வருமே, அந்தப் புளித்த வாடை. கிள்ளான் வீட்டில் அவள் முதுகுக்குப் பின்னாலேயே நின்று, சோற்றில் இறங்கி, தலையணையில் ஊறிக் கிடந்த வாடை. இப்போது மனநல வார்டின் மருந்து நெடியும், பூட்டிய கதவுக்கு அப்பால் நர்ஸ் மிஸ்ஸிகளின் செருப்புச் சத்தமும் மட்டும்தான். முதுகில் ஈரம் சொட்டவில்லை.

"மருந்து வேலை செய்யுது லா," என்றாள் பக்கத்துக் கட்டில் தங்கமணி. அடிக்கடி வந்து போகிறவள். "என் தலைக்குள்ள பேசுற ரேடியோக்காரன்கூட வாய மூடிட்டான். பாட்டு மட்டும் போடுறான்."

மாதவி சிரித்துக்கொண்டே மணிக்கட்டைத் தடவினாள். வெறும் தோல்.

கறுப்புக் கயிறு அங்கேதான் இருந்தது. பூசாரி அய்யாவு கட்டியது. "உன் பின்னால நிக்கிறத விரட்ட முடியலம்மா. இந்தக் கயித்துல கட்டிப் போட்டுட்டேன். கயிறு எங்கயோ, அதுவும் அங்கதான். உன் பிள்ளைகிட்ட போகாது." அவளுக்கு அது போதும். தூக்கம் போனாலும், சோறு இறங்காவிட்டாலும், மகள் இந்துஜா தப்பித்தால் சரி. புருஷன் குகனுக்குத்தான் பார்க்கப் பொறுக்கவில்லை, இங்கே கொண்டுவந்தான். கழுத்தை இறுக்கிக்கொள்ள உதவுகிற எதையும் வார்டில் விடமாட்டார்கள். அவள் கத்தக் கத்த, அமுக்கிப் பிடித்துக் கயிற்றை அறுத்தார்கள்.

"மிஸ்ஸி, என் கயிறு?"

"குப்பைக்குப் போயிருக்கும் லா, தங்கச்சி," என்றாள் மிஸ்ஸி மார்க்கிரட்.

குப்பை லோரியோடு போய்த் தொலைந்தது! மாதவி அன்று வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

"யாராவது தெரியுறாங்களா?" என்று டாக்டர் கேட்டபோது, "யாரும் இல்ல," என்றாள். பொய் இல்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் குகன் சாலையைப் பார்த்தபடியே சொன்னான். "மறுபடி அந்தப் பேச்சு வந்துச்சு, உன்ன நேரா அங்கதான். பிள்ள எங்க அக்கா வீட்டுல வளரட்டும்."

"வராதுங்க."

பொழுது சாய்கிற நேரம். மழை விட்டிருந்தது. போர்ட் கிள்ளானுக்குப் போகும் லோரிகள் ஈரச் சாலையை உரசிக்கொண்டு போயின. குகன் கதவைத் திறந்தான்.

வாடை.

இந்துஜா டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாள். தலை சொட்டச் சொட்ட.

"குளிச்சியா, கண்ணு?"

"இல்லம்மா."

சின்ன மணிக்கட்டில் கறுப்புக் கயிறு. புது முடிச்சு.

"உன்னத் தேடி ஒரே அழுகை," என்றான் குகன். "உன்னச் சேர்த்த அன்னைக்கு ஆஸ்பத்திரியில குடுத்த உன் துணிப் பையில இது கெடந்துச்சு. அம்மா ஞாபகமா இருக்கட்டும்னு கட்டி விட்டேன்."

"அம்மாகிட்ட குடுத்துடு, கண்ணு."

இந்துஜா கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "குடுக்கக் கூடாதாம். அவங்க சொல்றாங்க."

பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் விரல்கள். ஊறி வெளுத்த விரல்கள். வகிடு எடுத்தன. பின்னத் தொடங்கின.

குகன் மாதவியின் முகத்தையே பார்த்தான். கையில் போன். "என்ன மாதவி? யாராச்சும் இருக்காங்களா?"

"யாரும் இல்ல."

"அம்மா, வலிக்குது."

"யாரும் இல்லங்க."

இந்துஜாவுக்கு முடி தோள் வரைக்கும்தான். பின்னல் மடியைத் தாண்டியது. தரையைத் தொட்டது. பிறகு மெல்ல மேலேறி, பிள்ளையின் கழுத்தை ஒரு சுற்றுச் சுற்றியது.