வளையத்தின் எடை

மூன்று நாளாகக் குழந்தை அழவில்லை.

முதல் நாள் அம்மாவுக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது. ஈறு வீங்கி, எச்சில் ஒழுக, வீட்டையே இரண்டாக்கிக்கொண்டிருந்த ஒன்பது மாதப் பிள்ளை, அவள் ஆபீசிலிருந்து கொண்டுவந்த பச்சை ரப்பர் வளையத்தைக் கடிக்கக் கொடுத்ததும் அடங்கிப்போனான். கடைக்கு இன்னும் போகாத சரக்கு. குழந்தைச் சாமான்களிலிருந்து என்ன கசிகிறது, எவ்வளவு வயிற்றுக்குள் போகிறது, அது ஆபத்தா என்று கணக்குப் போட்டுச் சொல்வது அவள் வேலை. இந்த வளையம் பாதுகாப்பானது என்று கையெழுத்துப் போட்டதும் அவள்தான்.

இன்று காலை, ஆறிப்போன பாலின் வாடைக்கும் மின்விசிறியின் முனகலுக்கும் நடுவே, தொட்டிலுக்குள்ளிருந்து ஒரே சீராக வந்துகொண்டிருந்த சப், சப், சப் என்ற சத்தத்தில், மூச்சு வாங்கக்கூட இடைவெளி இல்லை என்பது அவளுக்கு உறைத்தது. வளையத்தின் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். குழந்தை சிணுங்கவில்லை. வளையத்தோடு தலையும் வந்தது.

"சும்மா கெடக்கற புள்ளைய ஏம்மா சீண்டற?" என்றான் கணவன். "ரெண்டு மாசம் கழிச்சு இப்பதான் நான் தூங்கறேன்."

"பால் குடிச்சானா?"

"வாயத் தொறந்தாத்தானே" என்று சிரித்தான்.

ஆபீசில் முதல் வேலையாகக் கோப்பைப் பிரித்தாள். பன்னிரண்டு வீடுகளில் இரண்டு வாரம் சோதனை. கடித்துத் தேய்ந்த வளையத்தின் எடை குறைய வேண்டும்; குறைந்ததுதான் குழந்தையின் வயிற்றுக்குள் போனது. பதினொரு வளையங்களில் எடை கூடியிருந்தது. எச்சில் ஊறியிருக்கும் என்று எழுதி, தேய்மானம் பூஜ்யம் என்று முடித்திருந்தாள்.

எடை போட்ட லேப்காரரைத் தேடிப் போனாள்.

"எச்சில் ஊறினா அஞ்சு கிராம் ஏறுமா?"

"காய வெச்சுதான் போட்டேன் மேடம். அப்பவே குறிப்பு எழுதி அனுப்பினேனே, பாக்கலையா?"

பார்த்திருந்தாள். அறிக்கைக்கு அன்றுதான் கடைசி நாள். அந்தக் குறிப்பை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டிருந்தாள்.

"குழந்தைங்க எடை?"

"நம்ம படிவத்துல அதுக்குக் கட்டமே இல்லையே மேடம்."

எடை போட்டபின் வளையத்தைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்ட சோதனை வீடுகளின் எண்களை ஒவ்வொன்றாக அழைத்தாள். முதல் வீட்டில் எடுக்கவில்லை. இரண்டாவதில் எடுத்தார்கள். யாரும் பேசவில்லை. பின்னால் எங்கோ, சப், சப், சப். மூன்றாவதிலும் அதுவே. நான்காவது எண்ணை அழுத்தாமல், சரக்கை நிறுத்தச் சொல்லி மேலதிகாரியிடம் ஓடினாள்.

அவர் தலையைத் தூக்காமலே சொன்னார்: "லாரியெல்லாம் காலையிலயே கெளம்பிடுச்சு. எதுவா இருந்தாலும் எழுதிக் குடுங்க, பாக்கலாம்."

படியில் ஓடிக்கொண்டே வீட்டுக்குப் போன் போட்டாள். "அதப் பிடுங்கிடுங்க. அவன் எவ்வளவு அழுதாலும் பரவாயில்ல."

கணவனின் குரல் காலையில் கேட்ட குரலாக இல்லை. "பிடுங்கித்தான் பாக்கறேன். அரைமணி நேரமா. நீ சீக்கிரம் வா."

அவள் வந்து சேர்ந்தபோது கதவு திறந்தே கிடந்தது. கணவன் தொட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தான். முகத்தைத் திருப்பவில்லை. வீடெங்கும் ஈர ரப்பரின் இனிப்பு வாடை.

குழந்தையைத் தூக்கினாள். எட்டரை கிலோ இருந்த பிள்ளை. துவைத்துக் காய்ந்த துணியை அள்ளியதுபோல் வந்தது. கண் திறந்திருந்தது. அவளைப் பார்க்கவில்லை.

உதட்டோரம் விரலை நுழைத்தாள். தாடையை அழுத்தினாள். இழுத்தாள். "விட்டுடுடா கண்ணா. அம்மாடா." மறுபடி இழுத்தாள்.

வந்துவிட்டது.

சத்தம் நின்றது. குழந்தையின் வாய் திறந்தபடியே இருந்தது. மூச்சு இருந்தது. அழுகை வரவில்லை. போன வாரம் முளைத்த இரண்டு கீழ்ப்பற்கள் இல்லை. ரத்தம் இல்லை. காயம் இல்லை. வழவழவென்று ஈறு.

உள்ளங்கையில் வளையம் கனத்தது; சுட்டது. காய்ச்சல்காரன் நெற்றிபோல.

திருப்பிப் பார்த்தாள். உள்விளிம்பில், அரிசிமணிபோல், வெள்ளையாக இரண்டு. பக்கத்தில் ரப்பரைக் கீறிக்கொண்டு மூன்றாவது. இன்னும் முழுதாக வெளியே வரவில்லை.

சப்.

வளையம் மெல்ல வளைந்து அவள் கட்டைவிரலைத் தேடியது.