முதுகு காட்டியவன்

முதன்முதலாக அவனுடைய முகத்தை அவள் பார்த்தது தலைகீழாக.

தப்பு... தலைகீழாக இருந்தது அவள்தான். மழையில் நனைந்த புல்தரையில் இறங்கிய பயிற்சி விமானம், மூக்கை மண்ணில் குத்திக் கரணம் அடித்துக் கிடந்தது. இருக்கை வாரில் வௌவாலாய்த் தொங்கியவளைப் பயிற்சித் தளத்தின் தீயணைப்பு வீரன் குனிந்து பார்த்தான். தொப்பி விளிம்பில் மழைத்துளிகள்... அதற்குக் கீழே, இல்லை, மேலே, இரண்டு பயந்த கண்கள்.

“அடி பட்டிருக்கா?”

“அட, உங்களுக்கு முகம்கூட இருக்கா?”

கேட்டதில் நியாயம் உண்டு. இத்தனை நாளும் அவள் கண்டது முதுகை மட்டும்தான். மற்ற மாணவர்கள் இறங்கும்போது தீயணைப்பு வண்டியருகே நின்று கண்கொட்டாமல் பார்ப்பவன், அவள் இறங்கும்போது மட்டும், விலை படியாத வாடிக்கைக்காரரைப் போலத் திரும்பிக்கொள்வான். ஏன்? பெண் ஓட்டினால் இளக்காரமா? போய்க் கேட்கக் கௌரவம் விடவில்லை. அந்த ‘ஏன்’ மட்டும் செருப்புக்குள் புகுந்த கல்லாய் உறுத்திக்கொண்டே இருந்தது...

“வார அறுக்கறேன். என் தோளப் பிடிச்சுக்குங்க.”

பிடித்தாள்.  

மறுநாள் தலைமைப் பயிற்சியாளர் அறையில் விசாரணை. துணிக்கடை வைத்திருக்கும் அவள் அப்பாவும் வந்து உட்கார்ந்திருந்தார். “பறந்தது போதும், கடைக்கு வா” என்று சொல்ல அவருக்கு ஒரு சாக்கு போதும்.

“உன் தப்புன்னா பயிற்சி இதோட சரி” என்றார் பயிற்சியாளர். “என்ன ஆச்சு?”

“காத்து... திடீர்னு தள்ளிடுச்சு சார்.”

அவர் அங்கே நின்ற தீயணைப்பு வீரனிடம் திரும்பினார். “நீ என்ன பாத்தே?”

“ஒண்ணும் பாக்கல சார்.”

“பாக்கறதுதானேய்யா உன் வேலை!”

“மத்தவங்க இறங்கறப்ப பாக்கறேன் சார். இவங்க இறங்கறப்ப மட்டும்... முடியல. ஏதாவது ஆயிடுமோன்னு நெஞ்சு அடைக்குது.”

“அப்போ உனக்கு இந்த வேலை எதுக்கு?”

ஐயோ... இளக்காரம் இல்லையா? அவள் எழுந்தேவிட்டாள்.

“காத்து இல்ல சார், நான்தான். இன்னைக்காவது திரும்பிப் பாக்கறாரான்னு இவரப் பாத்தேன். இறங்க லேட்டாகி, ஓடுதளம் முடியப்போகுதுன்னு பதறி, பிரேக்க மொத்தமா அமுக்கிட்டேன்.”

முதலில் சிரித்தவர் அப்பாதான்.

“கடையில தினமும் பாக்கறேன். வேணும்கறவன்தான் முகத்தத் திருப்பிக்குவான்!”

“நான் என்ன துணியாப்பா?”

“துணின்னா சொன்ன இடத்துல இருந்திருப்பியேம்மா!”

பயிற்சியாளர் தலையில் கைவைத்துக்கொண்டார். “இது விபத்து விசாரணையா, கல்யாணப் பேச்சா? பொய்யிலயே நின்னிருந்தா அனுப்பியிருப்பேன். ஒத்துக்கிட்டே... முதல் பாடத்துலேருந்து ஆரம்பி. யோவ், நீ இனிமே கண்ணத் திறந்து வச்சு நில்லு!”

அடுத்த மழை நாளில் பயிற்சியாளருடன் இறங்கினாள். ஓடுதளத்தைத் தவிர எதையும் பார்க்கவில்லை. சக்கரங்கள் பூப்போல உட்கார்ந்தன. அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்... அவள் இறங்கி நடந்து வரும்வரை. பக்கத்தில் வந்ததும்தான் வெட்கம் பிடுங்க, சட்டென்று திரும்பிக்கொண்டான்.

“இப்பவுமா?” என்றாள் அந்த முதுகிடம். “அன்னைக்குத் தலைகீழா பாத்தப்பவே பிடிச்சுப்போச்சு. நேரா ஒரு தடவ பாத்துட்டுச் சொல்லலாம்னு இருக்கேன்.”

“என்... என்னன்னு?”

“முதுகுகிட்ட சொல்ல மாட்டேன்.”

அவன் திரும்பினான்.