புல்மலையில் ஓர் இலை விருந்து

பட்டாசுச் சத்தம் எதிரொலிக்கவில்லை. பிக்ஹா முதலில் கவனித்தது அதைத்தான். தைவானின் வடகிழக்குக் கரையில், கடலை ஒட்டி நின்ற அந்தக் குட்டி மலையில் ஒரு மரம்கூடக் கிடையாது. மார்பளவுப் புல், கற்படிகள், உச்சியில் நாலு தூண் வைத்த ஒரு கூரை. அரை மணி நேரத்தில் ஏறிவிடலாம். லில்லிப் பூவைப் படம் எடுக்கப்போன அவள் கணவன் தியம்ஹோ அங்கே தொலைந்து இரண்டு நாளாகிவிட்டது.

ஆளைப் புல்லுக்குள் மறைத்துவைக்கும் மோசினா கூட்டிக்கொண்டு போயிருக்கும் என்று ஊரே பேசியது. தேடும் குழுவை நடத்திவந்த ஆகூன் மட்டும் அந்தப் பேயின் பெயரை வாயில் எடுக்கவில்லை. வெடிக்கு அது பயப்படும் என்று இன்னொரு சரத்தைக் கொளுத்தினான்.

"அக்கா, படியை விட்டு இறங்காதீங்க. அண்ணன் குரலே கேட்டாலும் சரி."

பிற்பகலில் கடலிலிருந்து மூடுபனி ஏறி வந்து, முன்னால் நடந்தவர்களின் முதுகுகளை ஒவ்வொன்றாக விழுங்கி, உப்பும் ஈரமண்ணும் கலந்த வாடையோடு அவள் கழுத்தில் படிந்தது. பூச்சிச் சத்தம் நின்றுபோனது. பிறகு, இடப்பக்கம் புல்லுக்குள், இருமல். இரண்டு குட்டையாக, ஒன்று நீளமாக. முப்பது வருடம் பக்கத்தில் படுத்துக் கேட்ட இருமல்.

அவள் இறங்கினாள்.

பத்தடிகூட இருக்காது. வட்டமாக மிதிபட்ட புல். நடுவே தியம்ஹோ சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். பட்டினி கிடந்த முகமில்லை, கன்னம் பூரித்திருந்தது. எதையோ மென்றுகொண்டிருந்தான்.

"வந்துட்டியா? நல்லா கவனிக்கிறாங்க. உனக்கும் போட்டாச்சு, உக்காரு."

அவன் உதட்டோரம் ஒரு வெட்டுக்கிளிக் கால் உதைத்துக்கொண்டிருந்தது.

அவனைச் சுற்றிலும் புல் சின்னச் சின்னக் குழிகளாக அமுங்கியிருந்தது, குழந்தைகள் உட்கார்ந்த மாதிரி. ஒரு குழியில் புல் மெல்ல நிமிர்ந்தது. அவளுக்குப் பக்கத்தில் இன்னொன்று அமுங்கியது. அவன் கையைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. ஏதோ குளிர்ந்த, குட்டையான விரல்கள் அவள் மணிக்கட்டைப் பற்றின. காலடியில் ஓர் அகன்ற இலை வந்து விரிந்தது. சோயாவில் வெந்த பன்றிக்கறியின் மணம். ஆவி பறக்கும் வெள்ளைச் சோறு. இரண்டு நாளாக அவளும் சாப்பிடவில்லை. கால்கள் தாமாக மடங்கின.

புல் சரசரத்தது. ஆகூன். பின்னால் நாலு பேர். கம்பால் புல்லை விலக்கிக்கொண்டு, "அக்கா, எங்க இருக்கீங்க?" என்று கேட்டபடி, அவள் கண்ணெதிரே வந்தார்கள். கம்பின் நுனி அவள் முழங்காலைத் தொட்டது. ஆகூன் குனிந்து, அவளை நேராகப் பார்த்தான். அவளையும் புல்லைப்போல ஒதுக்கிவிட்டுக் கடந்துபோனான்.

அவள் கத்தப் பார்த்தாள்.

வாய் நிறைந்திருந்தது. பல்லுக்கிடையில் ஏதோ துடித்தது. அவள் மென்றாள்.